கயிறு இழுத்துக் கற்ற இயற்பியல்

கேள்வி: மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7. வேளச்சேரியில் ஃப்ளாட் வாழ்க்கை. கோடை விடுமுறைக்குச் சாகச முகாம் எதிலாவது சேர்க்கலாம் என்று பார்த்தால், ‘விளையாட்டின் வழியே அறிவியல்’ என்று எல்லோருமே விளம்பரம் போடுகிறார்கள். மரம் ஏறுவதிலும் கயிற்றில் தொங்குவதிலும் உண்மையிலேயே அறிவியல் கற்க முடியுமா? முடியும் என்றால் சென்னையில் எங்கே, எப்படி? மகளுக்கு உயரம் என்றால் பயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

முடியும். ஆனால் தொங்கிவிட்டு இறங்கினால் அறிவியல் வந்துவிடாது. தொங்குவதற்கு முன்னால் குழந்தை ஒன்றை ஊகித்திருக்க வேண்டும், தொங்கிய பிறகு ஒன்றை அளந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது நல்ல விளையாட்டு, அவ்வளவுதான். விளையாட்டும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அதற்கு ‘அறிவியல்’ என்று பெயர் வைத்துத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை என்கிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமைக் காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரை, பூங்கா, குன்று என்று போய்வருகிறேன். என்னிடம் இருக்கும் சாமான்கள் இருபது மீட்டர் தேங்காய்நார்க் கயிறு, நான்கு கப்பி, மீன் எடை போடும் சுருள்வில் தராசு ஒன்று, பழைய செய்தித்தாள், ஒரு நிறுத்துக் கடிகாரம். இவற்றை வைத்து நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கயிறு. திருவான்மியூர் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அடிமரத்தில் பட்டை உரிந்துவிடாமல் இருக்கக் கோணிப்பையைச் சுற்றிக் கட்டினோம். கயிற்றின் ஒரு முனையை நான்கு அப்பாக்களிடம் கொடுத்தேன், மறுமுனையை எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம். அவள் எடை 24 கிலோ. முதலில் கயிறு மரத்தைத் தொடவில்லை. அப்பாக்கள் சும்மா ஓர் இழு இழுத்தார்கள், அவள் மணலில் சறுக்கிக்கொண்டே போய்விட்டாள். சிரிப்பு. அடுத்து, கயிற்றை மரத்தில் இரண்டு முறை முழுதாகச் சுற்றி, முனையை மறுபடி அவள் கையில் கொடுத்தேன். “இப்போது யார் ஜெயிப்பார்கள்?” என்று கேட்டுத் தரையில் இரண்டு கோடு போட்டு, அவரவர் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னேன். பதினான்கு பிள்ளைகளில் பதினொரு பேர் அப்பாக்கள் பக்கம். இழுக்கச் சொன்னேன். கயிறு முறுகியது, நார் கிறீச்சிட்டது, நான்கு பேருக்கும் நெற்றி வியர்த்தது. கயிறு ஒரு சாண்கூட நகரவில்லை. அந்தச் சிறுமி ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மூக்கைச் சொறிந்தாள்.

அப்போது எழுந்த கூச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளே ஒன்றரைச் சுற்று, ஒரு சுற்று, அரைச் சுற்று என்று குறைத்துப் பார்த்தார்கள். அரைச் சுற்றில் அப்பாக்கள் ஜெயித்தார்கள். ஒரு சுற்றில் சிறுமியோடு இன்னொரு பையன் சேர வேண்டியிருந்தது. பிறகு ஒரு பையன் கேட்டான்: “சார், மரம்தானே இழுக்குது?” கிட்டத்தட்ட அதுதான் பதில். கயிறு மரத்தை அழுத்திக்கொண்டு வளைந்து போகிறது. வளைவின் ஒவ்வொரு விரற்கடையிலும் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாக இழுவிசையைத் தின்றுவிடுகிறது. தின்பதும் கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில். நார்க்கயிறும் கோணியும் உரசும்போது ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் ஆறேழு மடங்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு நாற்பது மடங்குக்கு மேல் வந்துவிடும். நான்கு அப்பாக்கள் சேர்ந்து 120 கிலோ அளவுக்கு இழுத்தாலும் சிறுமியின் கைக்கு வருவது மூன்று கிலோ. ஒரு பை தக்காளி.

‘அடுக்குக்குறி வளர்ச்சி’ என்று பத்தாம் வகுப்பு தாண்டிய பிறகு கரும்பலகையில் எழுதிக் கொட்டாவி வரவழைக்கும் விஷயத்தை எட்டு வயதுக் குழந்தை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தது. சூத்திரம் அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. “ஒரு சுற்று கூட்டினால் கொஞ்சம் கூடாது, பல மடங்கு கூடும்” என்பது அவள் கைக்குத் தெரியும். அடுத்த மாதம் காசிமேடு துறைமுகத்துக்குப் போனபோது, படகுக் கயிற்றைக் குட்டையான இரும்புத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒருவர் அலட்சியமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். “நம்ம வேப்பமரம்!” என்று அதே சிறுமி கத்தினாள். பாறை ஏறுகிறவர்களுக்குக் கீழே நின்று கயிறு பிடிப்பவரின் இடுப்பில் தொங்கும் சின்ன உலோகக் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. உயரத்துக்குப் பயப்படும் உங்கள் மகளிடம் இதைக் காட்டிய பிறகு சுவர் ஏறச் சொல்லிப் பாருங்கள். கயிறு ஏன் தன்னை விடாது என்பது தெரிந்தால் அந்தப் பயம் வேறு மாதிரி ஆகிறது. முழுதாகப் போய்விடும் என்று சொல்லமாட்டேன்.

கப்பியிலும் இதே மாதிரிதான். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணி கேனைவிடச் சென்னைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த எடை வேறு இல்லை. அதைத் தூக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நல்ல உறுதியான கிளையில் மேலே இரண்டு கப்பி, கேனோடு இரண்டு கப்பி என்று கட்டி, கயிற்றை மாற்றி மாற்றிக் கோத்தால், கணக்குப்படி 5 கிலோ இழுத்தால் போதும். எங்கள் தராசு ஏழுக்குப் பக்கத்தில் காட்டியது. அந்த மிச்ச இரண்டு கிலோ எங்கே போனது என்று பிள்ளைகளே தேடி, ஒரு கப்பி துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடித்துத் தேங்காயெண்ணெய் விட்டார்கள். ஏழு வயதுப் பையன் கேனை ஓரடி தூக்கிவிட்டு, “ஆனா கயிறு நிறைய இழுக்கணும்” என்றான். அளந்தோம். நாலடி. விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுத்தாக வேண்டும் என்பது அவனே கண்டுபிடித்தது, நான் சொன்னதில்லை. ஓரடிக்கு மேல் தூக்க விடாதீர்கள், கேனுக்கு அடியில் யாரும் கை நீட்டவும் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நான் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தேன். முதலில் கால் மணி நேரம் நெம்புகோல், கப்பி, சாய்தளம் என்று விளக்கம், அப்புறம் “இப்போது செய்து பாருங்கள்.” பிள்ளைகள் செய்தார்கள், நான் சொன்னது நடந்தது, யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. வரிசையை மாற்றிய பிறகுதான் எல்லாம் மாறியது: ஊகம், செயல், அளவு, வாக்குவாதம், கடைசியில் பெயர். ‘உராய்வு’ என்ற சொல்லைக் குழந்தை கேட்டு வாங்க வேண்டும். தன் கை உணர்ந்துவிட்ட ஒன்றுக்குப் பெயர் கிடைத்தால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். மாநகரப் பேருந்தில் டிரைவர் பிரேக் போட்டதும் முன்னால் போய் விழாத சென்னைக் குழந்தை கிடையாது. நிலைமம் அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது, பெயர்தான் பாக்கி.

சரி, எங்கே போவது? பரங்கிமலையில் தொடங்குங்கள். வேளச்சேரியிலிருந்து பக்கம்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரம். மேலே ஏறப் பழைய கல்படிகள் இருக்கின்றன. படிகளை எண்ணச் சொல்லுங்கள், நூறைத் தாண்டிப் போகும், எண்ணிக்கையில் சண்டை வரும், மறுபடி எண்ணட்டும். பத்துப் படிகளின் உயரத்தை அளந்து சராசரி எடுத்தால், மொத்தம் எவ்வளவு மேலே வந்தோம் என்பது தெரிந்துவிடும். 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ எடையுள்ள குழந்தை அதை ஒன்றேகால் நிமிடத்தில் ஏறினால் திறன் சுமார் 78 வாட். வீட்டு ஹாலில் சுற்றும் பழைய மின்விசிறிக்கு வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான். “ஏறுகிற வரைக்கும் நீ ஒரு ஃபேனை ஓட்டியிருக்கிறாய்” என்று சொல்லிப் பாருங்கள், இறங்கிப் போய் மறுபடி ஓடி ஏறி வருவார்கள். அடுத்த அதிர்ச்சி பிஸ்கட்டில் காத்திருக்கிறது. இந்த ஏற்றத்துக்கு வேண்டிய ஆற்றல் 6,000 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒன்றரைக் கிலோகலோரிகூட இல்லை. தசைகள் உணவின் ஆற்றலில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகப் போகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டாலும் ஆறு கிலோகலோரி. மேரி பிஸ்கட்டில் கால்பங்கு. அந்த வெப்பம் எங்கே என்று கேட்டால் வியர்த்த கழுத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

பரங்கிமலையை முதலில் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணிக்கான முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோட்டை, இந்தக் குன்றுக்குப் பக்கத்திலிருந்துதான் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம், சங்கிலியை வைத்து வைத்து. பல பத்தாண்டுகள் கழித்து இமயத்துச் சிகரங்களின் உயரம் வரைக்கும் அந்த முக்கோணங்கள் போயின. அவர் பயன்படுத்திய கோணமானி அரை டன் எடை. நமக்கு ஒரு செய்தித்தாள் போதும்.

எப்படி என்றால், தாளைச் சதுரமாகக் கிழித்துக் குறுக்காக மடித்தால் 45 பாகைக் கோணம் கிடைத்துவிடும். பெசன்ட் நகர் கடற்கரையில் நீரை ஒட்டி நேராகக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் படகுக்கு நேர் எதிரே ஒரு குச்சி நடுங்கள். பிறகு கயிறு போகும் திசையிலேயே நடந்துகொண்டே, தாளின் ஓரத்தைக் கயிற்றோடு ஒட்டிவைத்து, மடிப்பின் வழியே படகு தெரிகிறதா என்று பாருங்கள். எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். குச்சியிலிருந்து நீங்கள் நடந்த தூரம்தான் படகு இருக்கும் தூரம். பத்து வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மந்திரம் கிடையாது. கால் நனையாமல் கடலை அளந்துவிடுகிறாள். எங்கள் பிள்ளைகள் நம்பவில்லை, நம்பாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. மணலில் நிற்கும் ஷ்மிட் நினைவிடத்தை வைத்து முதலில் இதே முறையில் அளந்து, பிறகு கயிற்றைப் போட்டு நேரடியாகவும் அளந்து ஒப்பிட்டார்கள். மூன்றடி வித்தியாசம். அதன் பிறகுதான் படகு.

அந்த நினைவிடம் ஏன் அங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது அது. நம் கடல் அப்படிப்பட்ட கடல். வரிசையாக வந்து உடையும் அலைகள் கரையில் குவிக்கிற தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். ஒரு குறுகிய வாய்க்காலாகச் சேர்ந்து வேகமாகத் திரும்புகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, தண்ணீர் அமைதியாகத் தெரியும், ‘இங்கே இறங்கலாம்’ என்று தோன்றும். அதுதான் ஆபத்தான இடம். பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்து, அலைகள் எங்கே உடைகின்றன, எங்கே உடையவில்லை என்று கால் மணி நேரம் வரையச் சொல்லுங்கள். இதை நான் எந்தக் குழுவுக்கும் விடாமல் செய்கிறேன். தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்குவது, உயிர்காப்பு உடையும் பயிற்சி பெற்றவரும் இல்லாமல், எந்த வயதிலும் வேண்டாம்.

கரையில் நின்றபடியே செய்ய இன்னொன்று. ஒரு தேங்காய் மட்டையை அலைக்குள் எறியுங்கள். அது அங்கேயே நிற்காது, அலையோடு வந்து வந்து போய்க் கரையை ஒட்டியே நகரும். பிள்ளைகள் கூடவே நடக்கட்டும், பத்து நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணட்டும். வருடத்தின் பெரும்பகுதி அது வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். மணலும் அந்த மட்டையைப் போலத்தான் நடக்கிறது. 1870-களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகு, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் முட்டித் தெற்குப் பக்கம் தேங்கியது. இன்றைய மெரினாவின் அகலம் அப்படி வந்தது. மணல் வராமல் போன வடபக்கத்தில் ராயபுரம் தொடங்கிக் கடல் கரையைத் தின்றது. மட்டையின் பின்னால் ஒரு மணி நேரம் நடந்த குழந்தைக்கு இதை வரைபடம் இல்லாமலே சொல்லிவிடலாம்.

ஒலியின் வேகம் எனக்கு மிகவும் பிடித்த பாடம், அது இந்த ஊரோடு ஒட்டிய பாடமும்கூட. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த மதராஸ் வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், 1820 வாக்கில் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கிகளின் ஒளியைப் பார்த்து, சத்தம் வந்து சேரும் வரை நேரம் எண்ணி ஒலியின் வேகத்தை அளந்தார். பரங்கிமலை அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். வெளிச்சம் தெரிந்து இருபத்தாறு விநாடி போல ஆகும் சத்தம் வர. மாதாமாதம் அளவு கொஞ்சம் மாறுவதையும் அவர் கவனித்துப் பதிவு செய்தார். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இப்போதும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு.

பீரங்கிக்குப் பதில் எங்களுக்கு ஓர் எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும். விடிந்தும் விடியாத நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை. 350 மீட்டர் தூரத்தில் ஒரு கூட்டம் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தாம்பாளத்தை அடிக்கும். இந்தப் பக்கக் கூட்டம் கை இறங்குவதைப் பார்த்ததும் கடிகாரத்தை அழுத்தி, சத்தம் கேட்டதும் நிறுத்தும். காலை வெப்பத்தில் ஒரு விநாடி வரவேண்டும். எங்களுக்கு முதலில் வந்தது 0.8. அடுத்து 1.3. அடுத்து 0.9. பிள்ளைகளுக்கு ஒரே கோபம். “கடிகாரம் சரியில்லை” என்றார்கள். அப்போதுதான் உண்மையான பாடம் ஆரம்பித்தது. பார்ப்பதற்கும் விரல் அழுத்துவதற்கும் இடையே எவ்வளவு நேரம்? ஒருவர் அளவுகோலைக் கீழே விட, இன்னொருவர் விரலால் பிடிக்கிற விளையாட்டு ஆடிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி. அப்படியானால் ஒரு தடவை அளந்தால் போதாது. இருபது தடவை அடித்தார்கள். சராசரி 1.04. தங்கள் கைகளின் தடுமாற்றத்தை எண்ணிப் பார்த்து, அதைத் தாண்டி ஓர் உண்மையைப் பிடித்தார்கள். பாடப்புத்தகத்தில் ‘சோதனைப் பிழை’ என்ற இரண்டு சொல்லாக அது முடிந்துபோகிறது. மணலில் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, நானும் அவசரப்படுத்தவில்லை.

ஊஞ்சலுக்குப் பூங்கா போதும். கனமானவர் ஆடினால் வேகமாக ஆடுமா, மெதுவாகவா? பெரும்பாலான பெரியவர்களும் தவறாகச் சொல்வார்கள். சங்கிலி 2 மீட்டர் இருந்தால் பத்து ஆட்டத்துக்கு 28 விநாடி. அப்பா உட்கார்ந்தாலும் அதேதான், மகன் உட்கார்ந்தாலும் அதேதான். எழுந்து நின்று ஆடினால் கொஞ்சம் குறையும். அது ஏன் என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

காத்தாடி விட்டால் கடற்காற்று பிடிபடும். சித்திரை வெயிலில் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் காற்று கடலிலிருந்து திரும்பும். காத்தாடி அந்த நிமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதே நேரம் மணலில் வெறுங்கால் வைக்க முடியாது, நீர் குளிர்ந்திருக்கும். முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் மணலும் குளிர்ச்சிதான். காற்று ஏன் திரும்பியது என்பதற்கான விடை காலடியிலேயே இருக்கிறது. ஆனியில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும், அன்றைக்குத்தான் நகரம் வெந்துபோகும். நூல் பருத்தி நூலாகவே இருக்கட்டும். மாஞ்சா நூல் இங்கே தடைசெய்யப்பட்டது, கழுத்தை அறுத்து உயிரே போயிருக்கிறது.

தோண்டிய அந்தக் குழியிலிருந்து ஒரு பெரிய சாகசத்துக்குப் போகலாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுக்க நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். ஏழெட்டுக் கிலோமீட்டர் இருட்டில், மணலில், டார்ச் அடிக்காமல் நடக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இன்னும் சில வருடம் போகட்டும். மகளைக் கூட்டிப் போங்கள். நடையில் ஆமை கண்ணில் படாமலும் போகலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது என்று அங்கே அவளுக்குத் தெரியவரும். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். குஞ்சுகள் கடலை நோக்கிப் போவதற்குப் பதில் தெருவிளக்கை நோக்கிப் போய்விடும் என்பதும் தெரியும். மறுநாள் உங்கள் ஃப்ளாட்டின் விளக்குகளைப் பற்றிக் கேள்வி வரும், தயாராக இருங்கள்.

ஒரு நாள் பயணத்துக்கு மாமல்லபுரம். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே சரிவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கிப் பாறையே வழவழத்திருக்கிறது. அதே சரிவில், 250 டன் என்று சொல்லப்படும் பாறை மட்டும் சறுக்காமல் நிற்கிறது. ரப்பர் செருப்பு, ஜீன்ஸ், பருத்தித் துணி எதில் எவ்வளவு சறுக்குகிறது என்று ஒரு பலகையைச் சாய்த்து முதலில் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால், அங்கே போய் அந்தப் பாறையின் முன்னால் கேட்கும் கேள்விகள் வேறு தரமாக இருக்கும். துடுப்புப் போட முட்டுக்காடு படகுத்துறை. வலப்பக்கம் துழாவினால் படகு இடப்பக்கம் திரும்புவதை முதல் ஐந்து நிமிடம் யாரும் திருத்த வேண்டாம், முட்டி மோதிக் கற்கட்டும்.

முகாமைப் பற்றிக் கேட்டீர்கள். சேர்க்கலாம், ஆனால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள், கயிறு ஏற்றத்தில் எட்டுக்கு மேல் என்றால் எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகள் கையில் நோட்டும் அளவுநாடாவும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, “எனக்கு வேண்டாம்” என்று ஒரு குழந்தை சொன்னால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். சில வருடம் முன்பு ஒரு முகாமில், மேலே பலகையில் நின்று அழுத பையனைச் சுற்றி நின்ற எல்லோரும் கைதட்டித் “தாவு, தாவு” என்று கத்தியதைப் பார்த்தேன். தாவினான். எல்லோரும் பாராட்டினார்கள். அதன் பிறகு அவன் எங்கள் கூட்டத்தில் மாடிப்படி ஏறவே எட்டு மாதம் ஆனது. பயந்த உடம்பு எதையும் கவனிப்பதில்லை, தப்பிப்பதை மட்டுமே பார்க்கும். உங்கள் மகள் தரையில் நின்று மற்றவர்கள் ஏறும் நேரத்தைக் குறிக்கட்டும், கயிற்றின் கோணத்தை அளக்கட்டும். எங்கள் அனுபவத்தில் அப்படி நோட்டோடு கீழே நின்ற பிள்ளைகள் பலர் மூன்றாவது, நான்காவது வாரம் தாங்களே வந்து, “நான் முதல் கிளை வரைக்கும் போகட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். முதல் கிளை வரைக்கும் என்றால் முதல் கிளை வரைக்கும்தான்.

கோடையில் காத்தாடியும் ஆமை நடையும் போக மற்றது எதுவாக இருந்தாலும் காலை ஆறுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி. ஐப்பசி கார்த்திகையில் இடி கேட்டால் மரத்தடியை விட்டும் கடற்கரையை விட்டும் உடனே கிளம்புங்கள். அப்போதும் மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடியை எண்ணிக்கொண்டே ஓடுவார்கள், எங்கள் பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள்.

எங்கும் போக முடியாத வாரங்களுக்கு உங்கள் மொட்டைமாடி இருக்கிறது. சென்னையில் சூரியன் வருடத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டி, உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. ஏப்ரலில் 12 மணி 7 நிமிடம் வாக்கில், ஆகஸ்டில் 12 மணி 13 நிமிடம் வாக்கில். ஒரு வாரம் முன்பே தொடங்கி, தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை நேராக நிறுத்தி, தினமும் நண்பகலில் நிழலின் முனையைச் சாக்கட்டியால் குறித்து வரச் சொல்லுங்கள். மகள் நேரத்தைப் பார்க்கட்டும், மகன் கோடு போடட்டும். அந்த நாளன்று இருவரும் குழாய்க்குப் பக்கத்தில் குதிகாலை ஒட்டிவைத்து நிற்கட்டும், காலுக்கடியில் செருப்போடு. தரை கொதிக்கும்.